தீப்பெட்டி ராஜாவும் சிவகாசிப் பட்டறைகளும்

வடசென்னைப் பக்கம் மெட்ரோ ரயில் போய் முடிகிற இடத்துக்கு விம்கோ நகர் என்று பெயர். 2021 பிப்ரவரியில்தான் மெட்ரோ அங்கே எட்டியது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கும்மிடிப்பூண்டி மின்ரயில் நிற்கும் நிலையத்துக்கும் அதே பெயர். காலையில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்காவது அந்தப் பெயரின் பூர்வீகம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம் அது. ஸ்வீடனில் இருந்துகொண்டு உலகத்துக்கே தீக்குச்சி விற்ற ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் 1923-ல் இந்தியாவில் தொடங்கிய கிளை. பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத், வடக்கே பரேலி, கிழக்கே கல்கத்தா, தெற்கே திருவொற்றியூர் என்று நாலு திசையிலும் அதற்கு ஆலைகள் எழுந்தன.

அதே 1923-ல், இன்னும் சரியான ரயில் வசதிகூட இல்லாத, கரிசல் மண்ணும் கருவேலமுமாகக் கிடந்த ஓர் ஊரிலும் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. சிவகாசி. அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த அந்த ஊரின் முதலீட்டை ஸ்வீடன்காரர்களின் முதலீட்டோடு ஒரே தாளில் எழுதினால் சிரிப்பு வரும். ஆறேழு ஆண்டு கழித்து, உலகத்தையே உலுக்கிய பொருளாதாரப் பெருமந்தம் இரண்டையும் ஒருசேர வந்து தாக்கியது. அதில் யார் சாய்ந்தார், யார் நின்றார் என்பதும், நின்றவர்கள் எதைக் கொடுத்து நின்றார்கள் என்பதும் தென்தமிழகத் தொழில் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம்.

கதை சுங்க வரியில் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் விற்ற தீப்பெட்டியில் பெரும்பகுதி ஜப்பான் சரக்கு. போர்ச் செலவில் கஜானா வறண்டுபோன பிரிட்டிஷ் இந்திய அரசு 1921-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு 12 அணா வரி போட்டது. 144 பெட்டி சேர்ந்தது ஒரு குரோஸ். அடுத்த ஆண்டே வரி இரட்டிப்பாகி ஒன்றரை ரூபாய் ஆனது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம் எல்லாம் அதில் கிடையாது. கஜானா நிரம்பினால் போதும் என்ற கணக்குதான். ஆனால் சரக்கின் விலையோடு போட்டி போடும் அளவுக்கு வரி ஏறியதும், வெளியிலிருந்து கொண்டுவருவதைவிட உள்ளேயே செய்வது லாபம் என்பது இரண்டு தரப்புக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. ஒரு தரப்பு ஸ்டாக்ஹோமில் இருந்தது. இன்னொரு தரப்பு சிவகாசிப் பேட்டையில்.

சிவகாசியிலிருந்து உறவினர்களான பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போனார்கள். வங்காளத்தில் சுதேசி இயக்கத்தின் சூட்டில் சிறுசிறு தீப்பெட்டிப் பட்டறைகள் முளைத்திருந்த காலம் அது. சில மாதங்கள் அங்கே தங்கி வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். முதலில் எந்திரம் வைத்துச் செய்து பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. 1926 வாக்கில் எந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுக் கைவேலைக்கு மாறினார்கள், ஆளுக்கொரு ஆலையாகப் பிரிந்தும் கொண்டார்கள். எந்திரத்திலிருந்து கைக்கு என்று பின்னோக்கி நடந்த இந்த நடைதான், நாலைந்து வருஷத்தில் அவர்களைக் காப்பாற்றப் போகிறது. அன்று அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கைவேலை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் மிச்சக் கதை விளங்கும். மட்டி போன்ற மெத்தென்ற மரத்தைக் குச்சியாகச் சீவி வைத்திருப்பார்கள். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய மரப்பட்டையில், பள்ளத்துக்கு ஒன்றாகக் குச்சியை வைக்க வேண்டும். ஒரு பட்டை நிறைந்ததும் அதன்மேல் அடுத்த பட்டை. இப்படி ஐம்பது சொச்சம் பட்டைகளை அடுக்கி, இரண்டு பக்கமும் இறுக்கி மூட்டினால் ஒரு கட்டை. ஆயிரக்கணக்கான குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் சீப்புப் பல்லைப் போல நிற்கும். அதை அப்படியே தூக்கி, குச்சி நுனியை முதலில் உருக்கிய மெழுகிலும் பிறகு மருந்துக் குழம்பிலும் ஒரு முக்கு. முக்குகிறவர் கை ஒரு நூல் தாழ்ந்தால் மருந்து அப்பிக்கொள்ளும், உயர்ந்தால் பாதிக் குச்சி மொட்டையாக நிற்கும். காய்ந்த பின் பெட்டியில் அடைப்பது, பக்க மருந்து தடவுவது, லேபிள் ஒட்டுவது, டஜன் கட்டி குரோஸ் போடுவது.

இதில் மருந்து கலப்பதும் முக்குவதும் மட்டும்தான் பட்டறைக்குள் நடந்தாக வேண்டிய வேலை. பெட்டி ஒட்டுவதற்குத் திண்ணை போதும். கஞ்சிப் பசையும் ஒரு மரஅச்சும் போதும். அதனால் அந்த வேலை பட்டறையை விட்டுத் தெருவுக்கும், தெருவிலிருந்து பக்கத்துக் கிராமங்களுக்கும் போனது. அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று தனித்தனியாகக் கணக்கு. ஒட்டிய எண்ணிக்கைக்குத் தக்கபடி கூலி. ஆலை கட்ட வேண்டாம், விளக்கு வைக்க வேண்டாம், வேலை இல்லாத மாதத்தில் சம்பளம் தர வேண்டாம். முதலாளியின் நிலையான செலவு என்று பார்த்தால் ஒரு ஓட்டுக் கொட்டகையும் மருந்து வாங்கிய கடனும்தான். 1927-ல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை சிவகாசி வழியாகத் திறந்தபோது, எடை குறைந்து இடம் அடைக்கும் இந்தச் சரக்குக்கு ஒரு வழியும் பிறந்தது.

இனி ஸ்டாக்ஹோம்.

ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தின் தலைவர் இவார் குரூகரை அந்தக் காலப் பத்திரிகைகள் 'தீப்பெட்டி ராஜா' என்றே எழுதின. உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கு மேல் அவர் கைக்குள் இருந்தது. அவருடைய வியாபார உத்தி மற்ற முதலாளிகளுக்குத் தோன்றாத ஒன்று. போரில் ஓட்டாண்டியாகிப்போன ஐரோப்பிய அரசாங்கங்களுக்குக் கடன் தருவார். பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எழுதி வாங்கிக்கொள்வார். போலந்து, கிரீஸ், ஹங்கேரி, ருமேனியா என்று பட்டியல் நீண்டது. 1927-ல் பிரான்ஸுக்கு 7.5 கோடி டாலர் கொடுத்தார். 1929 அக்டோபரில் ஜெர்மனிக்கு 12.5 கோடி டாலர் தர ஒப்பந்தம் போட்டார். அந்த மாதம் டைம் பத்திரிகையின் அட்டையிலும் அவர் படம்தான். நியூயார்க் பங்குச் சந்தை சரியத் தொடங்கிய அதே வாரத்தில் ஜெர்மனி ஒப்பந்தம் கையெழுத்தானது என்பது சரித்திரத்தின் குறும்பு. அந்த ஒப்பந்தத்தால் வந்த தீப்பெட்டி ஏகபோகம் ஜெர்மனியில் 1983 வரை நீடித்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

கொடுத்த பணம் அவர் சொந்தப் பணமா என்றால், இல்லை. அமெரிக்காவில் பங்கும் கடன் பத்திரமும் விற்றுத் திரட்டியது. அரசாங்கங்களிடம் வட்டி வாங்கி, அமெரிக்கர்களுக்கு வட்டியும் கொழுத்த ஈவுத்தொகையும் கொடுத்து வந்தார். புதிதாகக் கடன் கிடைக்கும் வரைக்கும்தான் இந்தச் சக்கரம் சுழலும்.

இந்தியாவில் அவருக்கு அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கும் தேவை வரவில்லை. சுங்கச் சுவர் எழும்பியதும் சுவருக்கு உள்ளே வந்து ஆலை போட்டுவிட்டார். 1920-களின் பிற்பாதியில் இந்தியாவின் தேவை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி குரோஸுக்கு மேல். அந்தச் சந்தையைப் பிடிக்க விம்கோ விலையைக் குறைத்து விற்கிறது, எங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் சுங்கவரி வாரியத்திடம் முறையிட்டார்கள். வாரியம் விசாரித்தது; 1928-ல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வருமானத்துக்காகப் போட்ட ஒன்றரை ரூபாய் வரி அன்றிலிருந்து பாதுகாப்பு வரி என்று பெயர் மாறியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு உள்ளே இருந்த எல்லாருக்கும் பொதுவானது. சிவகாசியைக் காத்த அதே சுவர் திருவொற்றியூரையும் காத்தது.

இந்த நிலையில்தான் பெருமந்தம் வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்துக்கு அது பங்குச் சந்தை வழியாக வரவில்லை, வயல் வழியாக வந்தது. 1929-லிருந்து 1933-க்குள் நெல் விலை ஏறக்குறைய பாதியானது. நிலக்கடலை, பருத்தி விலைகளும் அதே கதிதான். விளைச்சல் குறையவில்லை, விற்ற பணம் குறைந்தது. ஆனால் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய கிஸ்தியும், லேவாதேவிக்காரருக்குக் கட்ட வேண்டிய வட்டியும் ரூபாயில் எழுதப்பட்டவை. அவை பாதியாகவில்லை. முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய தொகைக்கு இப்போது இரண்டு மூட்டை விற்க வேண்டியிருந்தது.

பர்மாவில் நகரத்தார் கொடுத்திருந்த கடன்கள் திரும்பவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நெல்வயல் அவர்கள் பெயரில் இருந்தது, 1937-ல் அது இருபத்தைந்து பங்கு ஆனது. காகிதத்தில் பார்த்தால் பெரிய சொத்து. நடைமுறையில், வேண்டாத நேரத்தில் வேண்டாத இடத்தில் முடங்கிய முதல். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. தாலியைத் தவிர மற்ற நகைகள் எல்லாம் அடகுக் கடைக்கும், அங்கிருந்து உருக்குக் கூடத்துக்கும், அங்கிருந்து பம்பாய்த் துறைமுகத்துக்கும் போயின. கப்பல் கப்பலாகத் தங்கம் லண்டனுக்குப் போனதை அன்றைய தேசியப் பத்திரிகைகள் வயிற்றெரிச்சலோடு எழுதித் தீர்த்தன.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பேட்டைகளில் இருந்த நாடார் வியாபாரிகள் பருத்தி, வற்றல், மல்லி, கடலை என்று விளைபொருளை வாங்கி விற்றவர்கள். விலை இறங்கிக்கொண்டே இருக்கும் காலத்தில் சரக்கை வாங்கி வைப்பது தற்கொலைக்குச் சமம். இன்று வாங்கிய மூட்டை அடுத்த மாதம் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆகவே வியாபாரத்தில் இருந்த பணம் வேறு வேலை தேடியது. பெருமந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியதற்கும், 1930-களின் நடுவில் தமிழ்ப் பேசும்படங்களுக்கு முதல் கிடைத்ததற்கும், சிவகாசியில் பட்டறைகள் கூடியதற்கும் அடியில் ஓடிய நீரோட்டம் இதுதான் என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிராமத்தில் கடனாகப் போய்க்கொண்டிருந்த பணம், திரும்பி வராது என்று தெரிந்ததும் நகரத்தில் தொழிலாக உட்கார்ந்தது. கோயம்புத்தூருக்கு 1932, 33-ல் பைக்காரா மின்சாரம் துணைக்கு வந்தது. சிவகாசிக்கு மின்சாரம் வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

1932 மார்ச் 12 அன்று பாரிஸில் தன் வீட்டுப் படுக்கையறையில் இவார் குரூகர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். வங்கிக்காரர்கள் வேறோர் இடத்தில் அவருக்காகக் காத்திருந்தார்கள். கணக்குகளைத் தோண்டியபோது, இத்தாலி அரசின் கடன் பத்திரங்கள் என்று அவர் காட்டிவந்தவை போலி என்று தெரிந்தது; ஸ்வீடனின் தலைமை வங்கிகளே ஆடிப்போயின. அமெரிக்கா தன் பங்குச் சந்தைச் சட்டங்களை 1933-ல் இறுக்கியதற்குக் காரணங்களில் இந்த விவகாரமும் ஒன்று. தீப்பெட்டி ஆலைகள் மட்டும் தப்பின. ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் கைமாறி நிலைத்தது, விம்கோவும் நிலைத்தது. குச்சி உரசினால் பற்றிக்கொண்டுதான் இருந்தது. பற்றாமல் போனது அதன்மேல் கட்டியிருந்த கடன் கோபுரம்.

சிவகாசிப் பட்டறைகளும் கடனில்தான் ஓடின. ஆனால் அந்தக் கடனின் ஜாதகம் வேறு. அதைச் சொல்ல உறவின்முறை என்ற நாடார் சமூக அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். நாடார் பேட்டைகளில் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு: விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்குவது. கோயில், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில். விருதுநகர்ப் பள்ளிக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தது ஊரறிந்த கதை. 1899-ன் சாதிக் கலவரத்தில் சிவகாசி கொள்ளையை அனுபவித்த சமூகம் அது. ஆபத்துக்குத் தன் கையே தனக்கு உதவி என்பதை நெருப்பில் கற்றிருந்தது. இந்தப் பழக்கத்தின் நீட்சியாகவே 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது அதுதான். இம்பீரியல் வங்கியின் படியேற முடியாத ஒரு சிறு வியாபாரி அங்கே போய் உட்கார்ந்து பேச முடியும். அவர் பெரியப்பா யார், போன வருஷம் யாருக்கு எவ்வளவு பாக்கி வைத்தார் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அறிமுகத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. தவணை தவறினால் மறுநாளே பூட்டுப் போட மாட்டார்கள், பொறுத்துப் பார்ப்பார்கள். கடன் வாங்கியவரும் பூசி மெழுக முடியாது. ஊருக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும். அதே அறிமுகத்தில் ஒரு கதவடைப்பும் உண்டு. பெட்டி ஒட்டிய கைகள் பல சாதியைச் சேர்ந்தவை. பட்டறை போட முதல் கிடைத்த கைகள் பெரும்பாலும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. சிவகாசியின் தொழில் சாதனையைப் பாடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் பாடி நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

சரக்கை வாங்க ஆள் இருந்தார்களா? இருந்தார்கள். மந்தகாலத்தில் மனிதன் வேட்டியை ஒரு வருஷம் தள்ளிப்போடுவான், பித்தளைக் குடத்தை விற்பான். ஆனால் பீடியை விடமாட்டான். 1930-ல் சட்டமறுப்பு இயக்கத்தின்போது அந்நியச் சிகரெட்டைப் புறக்கணித்தவர்கள் பீடிக்கு மாறினார்கள். கையில் காசு குறைந்தவர்களுக்கு அது மலிவாகவும் இருந்தது. பீடியை ஒவ்வொரு தடவையும் பற்றவைக்க வேண்டும், அணைந்தால் மறுபடி பற்றவைக்க வேண்டும். பீடிக்காரன் இல்லாமல் தீப்பெட்டிக்காரன் இல்லை. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து கொட்டாங்கச்சியில் கங்கு வாங்கி வந்து பற்றவைக்கும் பழக்கம் கிராமங்களில் அப்போதும் இருந்தது. தீப்பெட்டிக்கு உண்மையான போட்டி அந்தக் கங்குதான். விலை ஒரு சல்லி ஏறினாலும் வாங்குகிறவள் கங்குக்குத் திரும்பிவிடுவாள்.

அந்த விலையை ஏறாமல் பிடித்து வைத்தது எது என்று கேட்டால், பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை. கரிசல் பூமியில் மானாவாரி விவசாயம். மழை பொய்த்தால் வேலை இல்லை; மழை பெய்து விளைந்தாலும் விலை இல்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில், திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினால் சாயங்காலம் கொஞ்சம் அணா கிடைக்கும் என்றபோது வீட்டுப் பெண்கள் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். கட்டை அடுக்குவதற்குச் சின்ன விரல்தான் வேகம் என்று ஒரு பேச்சும் தொழிலில் புழங்கத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் கழித்துக் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை என்று நாடாளுமன்றம் வரை பேசப்பட்டதன் வேர் இந்த ஆண்டுகளில் இருக்கிறது. 1986-ன் சட்டம் தீப்பெட்டி, வெடிமருந்துத் தொழில்களில் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது.

மந்தத்தைச் சிவகாசி முதலாளி தாங்கினார் என்பது உண்மை. அவர் தாங்கிய சுமையில் பெரும்பங்கை இறக்கி வைக்க நூற்றுக்கணக்கான திண்ணைகள் இருந்தன என்பதும் அதே அளவு உண்மை. ஆலை முதலாளிக்கு எந்திரம் சும்மா நின்றாலும் வட்டி ஓடும். சிவகாசிக்காரர் தேவை குறைந்தால் பெட்டிக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தினால் போதும். அன்றிரவு அடுப்பு எரியாதது அவர் கணக்குப் புத்தகத்தில் ஏறாது.

1934-ல் வேறு திசையிலிருந்து அடி விழுந்தது. மந்தத்தில் வருமானம் இழந்த இந்திய அரசு, உள்நாட்டில் செய்யும் தீப்பெட்டிக்கே கலால் வரி விதித்தது. இறக்குமதி நின்றுவிட்டால் சுங்கத்தில் என்ன வரும்? தன் வரிச் சுவரே தன் வரியைத் தின்றுவிட்டது என்பதை அரசு தாமதமாகக் கண்டுகொண்டது போலும். பெட்டியில் எத்தனை குச்சி என்பதை வைத்து 40, 60, 80 என்று படி பிரித்து வரி. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டிக்குப் பெட்டி காகித முத்திரை ஒட்ட வேண்டும். பணத்தை முன்கூட்டிக் கட்டித்தான் முத்திரை வாங்க முடியும். சரக்கு விற்றுப் பணம் வருவதோ பல வாரம் கழித்து. பெரிய ஆலைக்கு இது எழுத்து வேலை. கைமுதல் கொஞ்சமாக உள்ள பட்டறைக்கு இது கழுத்துச் சுருக்கு.

இங்கே தீப்பெட்டி வியாபாரத்தின் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். அரிசியின் விலையைப் பைசா பைசாவாக ஏற்றலாம், இறக்கலாம். தீப்பெட்டியின் விலை நாணயத்தில் மாட்டிக்கொண்டது. வாங்குகிறவர் ஒரு நாணயத்தை நீட்டி ஒரு பெட்டியை வாங்குகிறார். அடுத்த நாணயம் வரைக்கும் விலை நகராது. ஆகையால் செலவு கூடும்போது உற்பத்தியாளர் கை வைக்கக்கூடிய இடங்கள் மூன்றே: குச்சியின் எண்ணிக்கை, குச்சியின் கனம், கூலி. முதல் இடத்தைச் சட்டம் எண்ணிக் கட்டிப்போட்டது. மிச்சம் இரண்டு.

பட்டறைகள் இதையும் கடந்ததற்கு முக்கியக் காரணம், அவை பெரிதாக வளராமல் பலவாகப் பிரிந்ததுதான். கணக்கப்பிள்ளையாக இருந்தவர், மருந்து கலக்கக் கற்றுக்கொண்டவர், மைத்துனர், மருமகன் என்று ஒவ்வொருவராகத் தனிக் கொட்டகை போட்டார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று தொழில் பரவியது. ஒன்று படுத்தால் இன்னொன்று அதன் ஆட்களையும் ஆர்டரையும் எடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு லேபிள் வேண்டும். வெளியூரில் அச்சடித்து வரவழைத்தால் செலவு. ஆகவே உள்ளூரில் அச்சகம். லேபிள் வேலை இல்லாத மாதத்தில் அச்சகம் சும்மா நிற்கக் கூடாதே என்று காலண்டர். குளோரேட்டும் மருந்துக் கலவையும் கைவசம் இருக்க, வண்ணமாக எரியும் மத்தாப்புக் குச்சி, அதிலிருந்து பட்டாசு. மழைக்காலத்தில் மருந்து காயாமல் தீப்பெட்டி வேலை தடைபடும், தீபாவளி முடிந்தால் பட்டாசு வேலை ஓயும், வருஷக் கடைசியில் காலண்டர் அச்சகம் மூச்சு விடாது. மூன்று தொழிலும் ஒன்றின் ஓய்வை ஒன்று நிரப்பிக்கொண்டன. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இது நடக்கவில்லை. கையில் இருந்த சரக்கையும் ஆளையும் வீணாக்க மனமில்லாத வியாபாரிகளின் நச்சரிப்பில் நடந்தது.

1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவைச் சாத்தியது. தென்னிந்தியாவின் மிகப் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்று. சென்னையில் தலைமை அலுவலகம். முந்தைய ஆண்டுதான் இரண்டு வங்கிகள் சேர்ந்து அது பெரிதாகியிருந்தது. தெற்கே மற்ற வங்கிகளின் வாசலிலும் பணம் போட்டவர்கள் வரிசை கட்டினார்கள். பெரிய பெயரைப் பார்த்துப் பணம் போட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்த நாட்களையும் தூத்துக்குடி வங்கி தாண்டி நின்றது.

அடுத்த ஆண்டு போர் மூண்டது. வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940-ல் வெடிமருந்து விதிகள் வந்து, உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் சிவகாசியில் எழுந்தன. மந்தகாலத்தில் மத்தாப்புக் குச்சி செய்து பழகிய கைகள் அங்கே தயாராக இருந்தன. 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாக ஊர் சொல்லிக்கொள்ளும் பட்டம் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு கலால் வரியில் எந்திர ஆலைக்கு ஒரு விகிதமும் கைவேலைக்குக் குறைந்த விகிதமும் என்ற வேறுபாடு நிலைத்தது. அதன் நிழலில் சிவகாசி விம்கோவைப் பின்னுக்குத் தள்ளியது. ஐடிசி 2005-ல் விம்கோவை வாங்கியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதும் கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று அந்த வேறுபாடு தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். பொதுமுடக்கம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

மறு ஆண்டு, 2021 அக்டோபரில், ஐந்து தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடின. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்கு ஏறியிருந்தது. மெழுகு 58-லிருந்து 80. மேல்பெட்டி அட்டை 36-லிருந்து 55. அறுநூறு பெட்டி கொண்ட பண்டலை 270 முதல் 300 ரூபாய் வரை விற்றுக்கொண்டிருந்தவர்கள், இனி 430-க்குக் குறைந்தால் கட்டாது என்றார்கள். 2007-ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான பெட்டி, பதினான்கு வருஷம் அந்த ஒரு ரூபாய் நாணயத்திலேயே நின்றிருந்தது. டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். இடையில் ஒன்றேகால், ஒன்றரை என்று வைக்க வழியில்லை. அந்தச் சில்லறை புழக்கத்தில் இல்லை.

விலை ஏறியதும் கடைகளில் லைட்டர் முன்வரிசைக்கு வந்தது. 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. உடனே முழு லைட்டருக்குப் பதில் உதிரிபாகங்கள் வரத் தொடங்கின, நாட்டுக்குள் கொண்டுவந்து பூட்டிக்கொண்டார்கள். கோவில்பட்டியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் மறுபடி தில்லிக்கு மனுக்கள் போயின. 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது.